துடைப்பத்தைக் கீழே வைக்காதவள்

ஒரு சிறிய பெட்டி. உயரம் சுமார் 30 சென்டிமீட்டர், அகலம் 20, ஆழம் ஏழு. அதற்குள் ஒரு கறுப்புப் பெண் பொம்மை நிற்கிறது. பருத்த உடல், தலையில் கட்டிய துணி, காதுவரை நீளும் சிரிப்பு. ஒரு கையில் துடைப்பம், மறு கையில் துப்பாக்கி. பொம்மைக்கு முன்னால் ஒரு பழைய படம்: அதேபோன்ற இன்னொரு பணிப்பெண், இடுப்பில் அழும் குழந்தையுடன். அந்தப் படத்தின் மேல் இறுக மூடி உயர்த்திய ஒரு கறுப்பு முஷ்டி. காலடியில் பஞ்சு. பின்சுவர் முழுக்க ஒரே பெண்ணின் சிரித்த முகம், வரிசை வரிசையாக. அது ஒரு மாவுப் பொட்டலத்தின் மேலட்டைப் படம்.

1972இல் பெட்டி சார் என்ற கறுப்பினப் பெண் கலைஞர் கலிஃபோர்னியாவில் உருவாக்கிய படைப்பு இது. பெயர் ‘ஆண்ட் ஜெமைமாவின் விடுதலை’. இதில் அவர் புதிதாக வனைந்தோ செதுக்கியோ சேர்த்தது குறைவு. பெரும்பாலானவை ஏற்கெனவே உலகில் இருந்த பொருட்கள். கண்டெடுத்த பொருட்களைச் சேர்த்துப் படைக்கும் இந்த முறையை ‘அசெம்பிளாஜ்’ என்கிறார்கள். உடைந்தது, பழையது, யாரோ வேண்டாம் என்று விட்டது, கடற்கரையில் கிடந்த சிப்பி, காய்ந்த கிளை என எதுவும் இதற்கு ஆகும்.

ஆனால் ‘கண்டெடுத்தது’ என்ற சொல்லிடம் நாம் சில கேள்விகள் கேட்க வேண்டும். அந்தப் பொருளை முதலில் செய்தவர் யார்? யாருக்காகச் செய்தார்? அதைக் கண்டெடுத்த கை யாருடையது? பெட்டி சாரின் வாழ்க்கையை இந்தக் கேள்விகளோடு படித்தால், வரலாற்றை எழுதும் உரிமை யாருக்கு உண்டு என்ற பெரிய கேள்விக்கு வந்து சேர்வோம்.

முதலில் பொம்மையின் கதை. அமெரிக்காவில் 1889இல் ‘பேன்கேக்’ என்னும் அப்பத்துக்கான தயார் மாவு ஒன்று சந்தைக்கு வந்தது. அதற்கு ‘ஆண்ட் ஜெமைமா’ என்று பெயர் வைத்தார்கள். வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கேலி செய்து ஆடிய மேடை நிகழ்ச்சிகளில் பாடப்பட்ட ஒரு பாட்டிலிருந்து எடுத்த பெயர் அது. 1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் நான்சி கிரீன் என்ற பெண்ணை ஜெமைமாவாக வேடமிட்டு நிற்க வைத்தார்கள். அவர் அடிமையாகப் பிறந்தவர். பொருட்காட்சிக்கு வந்தவர்களுக்கு அப்பம் சுட்டுக் கொடுத்து, பழைய தோட்டங்களின் ‘இனிய’ நாட்களைப் பற்றிக் கதை சொல்வது அவர் வேலை. அடிமை முறை சட்டப்படி ஒழிந்து முப்பது ஆண்டுகள்கூட ஆகாத காலம். அடிமைப் பெண் மகிழ்ச்சியாகத்தான் இருந்தாள், வெள்ளைக் குடும்பத்தைத் தன் குடும்பமாகவே நினைத்தாள் என்ற பொய், மாவோடு சேர்த்து விற்கப்பட்டது.

பெயரின் முன்னால் இருக்கும் ‘ஆண்ட்’ என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். தெற்கு மாநிலங்களில் வயதான கறுப்பினப் பெண்ணை வெள்ளையர்கள் ‘திருமதி’ என்று மரியாதையோடு அழைக்க மாட்டார்கள். ‘அத்தை’ என்பார்கள். கேட்பதற்கு உறவு போலிருக்கும். உண்மையில் அது மரியாதையை மறுக்கும் வழி. வயதில் மூத்தவர்களையும் சாதி பார்த்து ஒருமையில் அழைக்கும் வழக்கத்தை அறிந்த நமக்கு இது புரியாத விஷயம் இல்லை.

அந்த முகம் மாவுப் பொட்டலத்தோடு நிற்கவில்லை. அதே சாயலில் உப்புக் குப்பி, பிஸ்கட் ஜாடி, குறிப்பேட்டைச் செருகி வைக்கும் தாங்கி எனச் சமையலறைப் பொருட்கள் குவிந்தன. பெட்டி சார் எடுத்த பொம்மையும் அப்படி ஒரு குறிப்பேட்டுத் தாங்கிதான். கடைக்கு வாங்க வேண்டிய சாமான்களை எழுதும் தாள் அவள் பாவாடையில் இருக்கும். வீட்டு நினைவுகளைச் சுமப்பவள். தனக்கென்று ஒரு நினைவும் இல்லாதவள்.

பெட்டி சார் 1926இல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தார். தந்தை சிறு வயதிலேயே இறந்துபோனார். அம்மா தையல் தெரிந்தவர். பொருளாதார நெருக்கடிக் காலத்தில் வளர்ந்த குழந்தைக்கு, எதையும் வீணாக்காமல் இன்னொன்றாக மாற்றுவது வீட்டுப் பாடம். வாட்ஸ் பகுதியில் இருந்த பாட்டி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஒரு காட்சியைப் பார்த்தார். சைமன் ரோடியா என்ற இத்தாலியக் குடியேறி, தன்னந்தனியாக இரும்புக் கம்பியும் சிமெண்டும் கொண்டு கோபுரங்கள் எழுப்பிக்கொண்டிருந்தார். உடைந்த பீங்கான், பாட்டில் துண்டு, கடற்சிப்பி எல்லாம் அவற்றின் மேல் பதிந்தன. 1921 முதல் 1954 வரை நடந்த வேலை. உயரமான கோபுரம் ஏறக்குறைய 30 மீட்டர். குப்பையிலிருந்து கோபுரம் எழும்பலாம் என்பதைப் பெட்டி சார் கண்ணால் பார்த்து வளர்ந்தார்.

கலை வரலாறு இந்த முறையை எப்படிச் சொல்லிவந்தது? பிக்காசோ 1912இல் ஓவியத்தில் துணியையும் கயிற்றையும் சேர்த்தார். துஷாம் 1917இல் கழிப்பறைப் பீங்கானைக் கலை என்று அனுப்பிவைத்தார். அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது என்று சொன்னது. 1961இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் ‘அசெம்பிளாஜ் கலை’ என்ற பெரிய கண்காட்சியை நடத்தி இந்த வரிசைக்கு முத்திரை குத்தியது. லூயிஸ் நெவல்சன் போன்ற பெண்கள் அதில் இருந்தார்கள். ஆனால் கதையின் நாயகர்கள் ஆண்கள்.

பழந்துணியைச் சேர்த்துப் போர்வை தைத்தவர்கள், பொத்தான்களைப் புட்டியில் சேர்த்தவர்கள், கடிதத்தையும் காய்ந்த பூவையும் ஆல்பத்தில் ஒட்டியவர்கள் இந்த வரலாற்றில் எங்கே? மிரியம் ஷபிரோ, மெலிஸா மேயர் என்ற இரு பெண்ணியக் கலைஞர்கள் 1970களின் பிற்பகுதியில் ‘ஹெரெசீஸ்’ என்ற பெண்ணிய இதழில் இதைக் கேட்டார்கள். பெண்கள் சேமித்தவற்றையும் கோத்தவற்றையும் குறிக்க ‘ஃபெமாஜ்’ என்று புதுச் சொல்லே உருவாக்கினார்கள். ஆண் செய்தால் கலைப் புரட்சி, பெண் செய்தால் சிக்கனம் என்ற அளவுகோலை அந்தக் கட்டுரை அம்பலப்படுத்தியது.

அது முக்கியமான திருத்தம்தான். ஆனாலும் பெட்டி சாரின் பெட்டி அதற்குள் முழுதாக அடங்காது. சேமிப்பதற்கு முதலில் ஏதாவது கையில் இருக்க வேண்டும். தாயையும் பிள்ளையையும் தனித்தனியாக ஏலம் விட்ட ஒரு முறையில், பாட்டியின் நகைப்பெட்டி பேத்தியின் கைக்கு எப்படி வரும்? அடிமைப்பட்டவர்களின் பெயர்கள் பெரும்பாலும் முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் சொத்தாகத்தான் பதிவாகியிருக்கின்றன. அந்த வரலாற்றில் கைக்குக் கிடைத்தவற்றில் மிகுதியானவை அவமானப் பொருட்கள். அவற்றை என்ன செய்வது என்பதுதான் சாரின் முன் இருந்த கேள்வி.

1965இல் வாட்ஸ் பற்றி எரிந்தது. காவல்துறை ஒடுக்குமுறைக்கு எதிராக எழுந்த அந்தக் கிளர்ச்சியில் 34 பேர் இறந்தார்கள். எரிந்த தெருக்களிலிருந்து நோவா பியூரிஃபாய் என்ற கலைஞர் நண்பர்களோடு மூன்று டன் இடிபாடுகளைச் சேகரித்தார். அடுத்த ஆண்டு அவை கலைப் படைப்புகளாகக் காட்சிக்கு வந்தன. வடிவமைப்பில் பட்டம் பெற்று, எனாமல் நகை செய்து, அச்சுக்கலை பயின்று வந்த பெட்டி சார், 1967இல் பசடேனாவில் ஜோசப் கார்னெலின் பெட்டிகளைப் பார்த்தார். சின்னஞ்சிறு பெட்டிக்குள் ஓர் உலகை வைக்கும் வழி அவருக்குத் திறந்தது. கார்னெலின் பெட்டிகளில் கனவு இருந்தது. சாரின் பெட்டிகளில் கோபமும் குடியேறியது.

1968இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். அப்போது சாருக்கு வயது 41. மூன்று பெண் குழந்தைகளின் தாய். ஊர்வலங்களில் போய் நிற்க முடியாத நிலையில் கலையே தன் ஆயுதமானது என்று பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார். போராட்ட வரலாறுகளில் வீதிக்கு வந்தவர்களின் பெயர்கள்தான் நிற்கின்றன. குழந்தைகளைத் தூங்கவைத்த பிறகு மேசையில் நடந்த போராட்டத்துக்கும் அங்கே இடம் வேண்டும். பழைய பொருள் சந்தைகளில் கறுப்பர்களை இழிவுபடுத்தும் பொம்மைகளையும் அட்டைகளையும் அவர் தேடித் தேடி வாங்கத் தொடங்கினார்.

1972இல் பெர்க்லியில் இருந்த ‘ரெயின்போ சைன்’ என்ற கறுப்பினப் பண்பாட்டு மையம் ‘கறுப்பு நாயகர்கள்’ என்ற பொருளில் படைப்புகளைக் கேட்டது. சார் ஒரு நாயகியைச் செய்ய முடிவெடுத்தார். புகழ்பெற்ற போராளி எவரையும் அவர் தேர்ந்தெடுக்கவில்லை. எல்லோரும் சிரித்துக் கடந்துபோகும் மாவுப் பொட்டலத்துக்காரியை எடுத்தார்.

அவர் அந்தப் பொம்மையை உடைக்கவில்லை. சிரிப்பை அழிக்கவில்லை. துடைப்பத்தையும் பிடுங்கவில்லை. துப்பாக்கியைக் கூடுதலாகக் கொடுத்தார், அவ்வளவுதான். துடைப்பத்தைப் பிடுங்கியிருந்தால் அவள் வேறு யாரோ ஆகியிருப்பாள். தலைமுறை தலைமுறையாக வீடு கூட்டி, அப்பம் சுட்டு, அடுத்தவர் பிள்ளையை வளர்த்த பெண்கள் வெட்கப்பட வேண்டிய முன்னோர்கள் அல்ல என்று அந்தத் துடைப்பம் சொல்கிறது. வெட்கம் அவர்களை அப்படி வரைந்தவர்களுடையது. கறுப்பினப் பெண்களின் இயக்கம் இந்தப் படைப்பிலிருந்துதான் தொடங்கியது என்று ஏஞ்சலா டேவிஸ் 2007இல் குறிப்பிட்டார்.

மறு ஆண்டே இன்னொரு பாடம் கிடைத்தது. லாஸ் ஏஞ்சலஸில் பெண்ணியக் கலைஞர்கள் ‘உமன்ஸ்பேஸ்’ என்ற காட்சிக்கூடத்தைத் தொடங்கியிருந்தார்கள். 1973இல் சார் அங்கே ‘கறுப்புக் கண்ணாடி’ என்ற பெயரில் கறுப்பினப் பெண் கலைஞர்களின் கண்காட்சியை ஒருங்கிணைத்தார். வெள்ளைப் பெண்கள் அதற்கு ஆதரவு தரவில்லை. தாங்கள் கண்ணுக்கே தெரியாதவர்களாக இருந்தோம் என்று அவர் பின்னர் வருத்தத்தோடு சொன்னார். ‘பெண்கள்’ என்று பன்மையில் பேசும் இயக்கம் எந்தப் பெண்களைப் பார்க்கத் தவறுகிறது என்ற கேள்வி அன்றோடு முடிந்துவிடவில்லை. பெண்ணியம் படிக்கும் நாமும் நம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டியது அது.

கோபத்தின் பொருட்களோடு, நினைவின் பொருட்களும் அவர் கைக்கு வந்தன. 1970இல் சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகத்தில் ஆப்பிரிக்கப் பொருட்களைப் பார்த்தார். ஊர்த் தலைவர் ஒருவரின் உடையில் ஊரார் ஒவ்வொருவரின் தலைமயிரும் சிறிது சிறிதாகச் சேர்க்கப்பட்டிருந்தது அவர் மனதில் தங்கியது. இறகு, எலும்பு, சிப்பி, மூங்கில், வைக்கோல் எல்லாம் அவர் படைப்புகளில் இடம்பெற்றன. 1970களின் நடுவில், சிறு வயதில் தன்னை வளர்த்தவர்களில் ஒருவரான ஹாட்டி பாட்டி இறந்தபோது, அவர் விட்டுச்சென்ற சின்னச் சின்னப் பொருட்களை ஒரு நகைப்பெட்டிக்குள் அடுக்கினார். ‘ஹாட்டிக்கான பதிவு’ என்பது அதன் பெயர். பதிவு என்பது ஆவணக் காப்பகத்தின் சொல். அரசாங்கம் பதிந்து வைக்காத ஒரு கிழவிக்கு, பேத்தி முறையில் ஒருத்தி தன் கையாலேயே ஆவணம் செய்தாள்.

1998இல் ஓர் இஸ்திரி மேசை. அதன் பரப்பில், 1788இல் அடிமை ஒழிப்பாளர்கள் வெளியிட்ட ‘புரூக்ஸ்’ கப்பலின் வரைபடம் அச்சாகியிருக்கிறது: மனித உடல்கள் சரக்கைப் போல் நெருக்கி அடுக்கப்பட்ட படம். மேசையோடு சங்கிலியால் பிணைத்த இஸ்திரிப் பெட்டி. பின்னால் கொடியில் தொங்கும் வெள்ளை விரிப்பு. அதன் ஓரத்தில் கு க்ளக்ஸ் கிளான் வெறியர் கூட்டத்தின் எழுத்துகள். கொலைகாரர்களின் அங்கியும் ஏதோ ஒரு பெண்ணின் கையால் துவைக்கப்பட்டு இஸ்திரி போடப்பட்டிருக்கும் அல்லவா? ‘வளைவேன், ஆனால் உடைய மாட்டேன்’ என்பது படைப்பின் பெயர்.

2020இல், ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பின் எழுந்த போராட்டங்களின்போது, மாவு நிறுவனம் ஜெமைமாவின் படத்தையும் பெயரையும் கைவிடுவதாக அறிவித்தது. சாரின் பெட்டிக்கு அப்போது 48 வயது. நிறுவனம் முகத்தை நீக்கியது. நீக்குவது சுலபம், நீக்கிய பிறகு, அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று சொல்வதும் சுலபம். சார் அந்த முகத்தை வைத்துக்கொண்டு, அதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார். இரண்டுக்கும் உள்ள தூரம் பெரிது.

அதே 2020இல் இன்னொன்றும் நடந்தது. முதல் ஜெமைமாவாக நின்ற நான்சி கிரீன் 1923இல் சிகாகோவில் விபத்தில் இறந்தவர். நாடே அறிந்த முகம். ஆனால் அவர் புதைக்கப்பட்ட இடத்தில் ஒரு கல்கூட இல்லை. கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் கழித்து, உள்ளூர் வரலாற்றைச் சேகரித்துவந்த ஒரு கறுப்பினப் பெண்ணின் விடாமுயற்சியால் அங்கே கல் நடப்பட்டது. அதில் அவருடைய சொந்தப் பெயர் இருக்கிறது.