வெயிலில் வாடும் காஸ்மோஸ், ஜினியா.. இப்போ வெட்டலாமா?

அக்னி நட்சத்திரம் தொடங்கினாலே மாடித் தோட்டத்தில் காஸ்மோஸ், ஜினியா, காசித்தும்பை எல்லாம் சோர்ந்துவிடும். உடனே கத்தரிக்கோலை எடுத்துடாதீங்க.

ஏன் வெட்டணும்?
இவை ஒரு பருவம் மட்டுமே வாழும் செடிகள். விதை பிடித்துவிட்டால் பூப்பது குறைந்துவிடும். வாடிய பூக்களை அப்போதைக்கு அப்போது கிள்ளினால் மொட்டு வந்துகொண்டே இருக்கும்.

எவ்வளவு வெட்டலாம்?
காஸ்மோஸ், ஜினியா இன்னும் பச்சையாக இருந்தால், உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும். கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள்; அங்கிருந்துதான் பக்கக் கிளை வரும். முதல் நாள் நன்றாகத் தண்ணீர் விட்டு, மறுநாள் மாலையில் வெட்டவும். ஒரேயடியாக மொட்டையடித்தால் தொட்டி மண் சூடேறி செடி காய்ந்துவிடும். புதுத் துளிர் வரும்வரை உரம் வேண்டாம்.

எதை விட்டுவைக்கணும்?
எல்லாப் பூவையும் வெட்டிவிட்டால், மழைக்குத் தானாக முளைக்க விதையே இருக்காது. நல்ல செடியில் நாலைந்து பூக்களைக் காய விடுங்கள். முற்றிய காசித்தும்பைக் காய் தொட்டாலே வெடித்துச் சிதறும்; காகிதக் கவரைக் கீழே பிடித்துப் பறியுங்கள். விதைகளை நிழலில் உலர்த்தி எடுத்துவைக்கலாம்.

முழுசா காய்ந்துபோன செடியா? விதையை எடுத்துட்டு பிடுங்கிடலாம்.