பழஞ்செய்க்கடன் முதல் வாடகை நிவாரணம் வரை: வேங்கடப் பகுதிக் குடிகளின் இடர்க்கால வரலாறு

முன்னுரை

தமிழ் கூறும் நல்லுலகின் வடவெல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் சுட்டும் வேங்கடத்தைச் சூழ்ந்த நிலப்பகுதி இன்று ஆந்திர மாநிலத்தின் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் அடங்குகிறது. மழையை நம்பிய ஏரிகளும் கிணறுகளுமே இப்பகுதி வேளாண்மைக்கு ஆதாரமாக இருந்து வந்துள்ளன. மழை பொய்த்தால் விளைச்சல் பொய்க்கும். விளைச்சல் பொய்த்தாலும் வாரமும் வரியும் நின்றுவிடுவதில்லை. அத்தகைய காலங்களில் குடிகளின் நிலுவை எவ்வாறு நீக்கப்பட்டது, அந்நீக்கம் யாரைச் சென்றடைந்தது என்னும் இரண்டு வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

சங்க இலக்கியச் சான்று

நிலுவைத் தள்ளுபடிக்குத் தமிழில் கிடைக்கும் பழைய சான்றுகளுள் குறிப்பிடத்தக்கது புறநானூற்றின் 35ஆம் பாடல். வெள்ளைக்குடி நாகனார் சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனைப் பாடித் தம் பழஞ்செய்க்கடனிலிருந்து வீடு பெற்றதாக அதன் அடிக்குறிப்பு தெரிவிக்கிறது. 'பழஞ்செய்க்கடன்' என்பது விளைநிலத்தின் மேல் முன்பே நின்ற வரிப் பாக்கியைக் குறிக்கும். 'வீடு' என்னும் சொல் ஈண்டு விடுதலை என்னும் பொருளில் நிற்கிறது. மழை பொய்த்தாலும் வருவாய் குன்றினாலும் உலகம் அரசனையே பழிக்கும் என்றும், படையின் வெற்றியும் உழவின் பயனே என்றும் புலவர் எடுத்துரைக்கிறார். பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் கூறிய அறிவுரையும் (புறம். 184) வரி கொள்ளும் முறையைப் பற்றியதே.

நாகனார் வேண்டியது தம் கடனின் நீக்கம். அதற்கு அவர் காட்டிய காரணமோ குடிகள் அனைவர்க்கும் பொதுவானது. ஆயினும், அடிக்குறிப்பின்படி விடுதலை பெற்றது அவருடைய கடனே. அரசவையை அணுகிப் பாட வல்லவருக்குக் கிட்டிய இவ்விடுதலை ஏனைய குடிகளுக்கும் கிட்டியதாக அக்குறிப்பு கூறவில்லை. தள்ளுபடி என்பது அருளாக வழங்கப்படும்போது அருளுவோனை அணுகும் வாய்ப்பே தகுதியாகிவிடுகிறது. பிற்கால வரலாற்றை விளங்கிக்கொள்ள இக்கருத்து துணைபுரியும்.

கோயிலூர்களும் நீர்ப்பாசனமும்

விசயநகரக் காலத் திருமலை, திருப்பதிக் கல்வெட்டுகள் வேறொரு வழியைக் காட்டுகின்றன. அடியார்கள் கட்டளைக்காகச் செலுத்திய பொன் கோயிலூர்களில் ஏரி, கால்வாய் ஆகியவற்றை அமைக்கவும் திருத்தவும் முதலீடு செய்யப்பட்டது. அதனால் மிகுந்த விளைச்சலின் ஒரு பகுதியைக் கொண்டு அமுதுபடி முதலியன நடத்தப்பட்டன. இம்முறையை வரலாற்றறிஞர் பர்டன் ஸ்டைன் விரிவாக ஆராய்ந்துள்ளார். இது நிவாரணம் அன்று. கோயிலின் வருவாயைப் பெருக்கும் ஏற்பாடே. எனினும் நீர்நிலை பெருகிய ஊரில் நிலுவை நேரும் வாய்ப்பு குறைந்திருக்கும் எனக் கருதலாம். இடர் வந்தபின் தள்ளுபடி செய்வதற்கும் இடர் வாராமல் காப்பதற்கும் உள்ள வேறுபாடு இதனால் புலப்படுகிறது.

வஜாவும் பட்டாதாரரும்

ஆங்கிலேயர் ஆட்சியில் இன்றைய சித்தூர் வட்டாரம் வட ஆர்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தது. தனிச் சித்தூர் மாவட்டம் 1911 ஏப்ரல் 1ஆம் நாள் உருவாயிற்று. ரயத்துவாரி ஊர்களில் அரசுக்கும் பட்டாதாரருக்கும் நேரடித் தொடர்பு இருந்தது. பயிர் சாவியானால் ஊர்க்கணக்கில் பதிந்து, ஜமாபந்தியில் சரிபார்த்து, தீர்வையில் ஒரு பகுதியைக் கழிப்பர். இக்கழிவுக்கு வருவாய்த் துறையில் வழங்கிய பெயர் 'வஜா'. 1876–78ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சத்துக்குப் பின் அமைந்த பஞ்ச விசாரணைக் குழு 1880இல் அறிக்கை அளித்தது. அதன் வழியே பஞ்சகால விதிகள் தொகுக்கப்பட்டன. இதனால் தள்ளுபடி அரசனின் அருள் என்னும் நிலையிலிருந்து அலுவலக நடைமுறை என்னும் நிலைக்கு மாறியது.

எனினும் வஜா பட்டாதாரர் பெயரிலேயே கணக்கிடப்பட்டது. அவர் நிலத்தை வாரத்துக்கு விட்டிருந்தால் விளைந்ததைப் பங்கிடுவதால் இழப்பும் இருவருக்கும் பொதுவாகும். குத்தகைக்கு விட்டிருந்தாலோ விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய தொகையை அளந்தாக வேண்டும். அந்நிலையில் அரசு அளித்த கழிவு பட்டாதாரரிடம் நிற்க, இழப்பு குத்தகைக்காரரிடம் நின்றது. கழிவை அவருக்குப் பகிர்வது பட்டாதாரரின் மனத்தைப் பொறுத்ததாயிற்று. நாகனார் காலத்து அருள் இங்கு அரண்மனையிலிருந்து ஊருக்குள் இடம் பெயர்ந்தது எனலாம்.

ஜமீன் குடிகள்

கார்வேட்நகரம், காளத்தி முதலிய ஜமீன்களில் நிலைமை இதனினும் கடினமானது. 1802ஆம் ஆண்டின் நிரந்தரத் தீர்வு ஒழுங்குமுறை ஜமீன்தார் அரசுக்குச் செலுத்தும் பேஷ்குஷை நிலையாக வரையறுத்தது. குடி ஜமீன்தாருக்குச் செலுத்தும் வாரத்தை அவ்வாறு வரையறுக்கவில்லை. 1908ஆம் ஆண்டுச் சென்னை எஸ்டேட் நிலச் சட்டம் குடிகளுக்கு நிலையான சாகுபடி உரிமையை அளித்தது. நிலம் நிலையாகக் கெட்டுப்போதல் முதலிய காரணங்களால் வாரக் குறைப்புக் கோரி வழக்குத் தொடரவும் அதில் வழி இருந்தது. ஆனால் ஓராண்டு மழை பொய்ப்பது நிலையான கேடு அன்று. அடுத்த கிஸ்துக்கு வழியில்லாத குடிக்கு நீண்ட வழக்கு உடனடி உதவியாகாது என்பதும் வெளிப்படை.

த. பிரகாசம் தலைமையிலான குழு 1938இல் ஜமீன் குடிகளின் நிலை குறித்து அறிக்கை அளித்தது. 1947ஆம் ஆண்டின் வாரக் குறைப்புச் சட்டம் ஜமீன் வாரத்தை ரயத்துவாரித் தீர்வையின் அளவுக்கு இறக்கியது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன்களையே ஒழித்தது. கார்வேட்நகர ஜமீனைச் சேர்ந்திருந்த திருத்தணி 1960 ஏப்ரல் 1ஆம் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது அங்குள்ள குடிகள் பட்டா பெறும் நிலையை எய்தியிருந்தனர். ஆயினும் அவர்களிடம் குத்தகைக்கு உழுதவர் பெயர் பட்டாவில் ஏறவில்லை.

மின்சாரமும் அட்டையும்

பிற்காலத்தில் ஏரிப் பாசனம் சுருங்கிக் கிணற்றுப் பாசனம் பெருகியதால் மின்கட்டணம் வேளாண்மையின் பெருஞ்செலவுகளுள் ஒன்றாயிற்று. 2004 மே 14ஆம் நாள் பொறுப்பேற்ற ஆந்திர முதலமைச்சர் ராஜசேகர ரெட்டி உழவர்க்கு இலவச மின்சாரம் வழங்கும் ஆணையிலேயே முதற்கையெழுத்திட்டார். மின்கட்டண நிலுவையும் தள்ளுபடியாயிற்று. ஆனால் மின் இணைப்பு பெரும்பாலும் நிலத்தாரின் பெயரிலேயே இருக்கும். நீருள்ள நிலத்துக்குக் குத்தகை பேசும்போது இலவச மின்சாரத்தின் பயனையும் சேர்த்து விலை கூற அவருக்கு இடமுண்டு.

இக்குறையைக் களைய 2011ஆம் ஆண்டுச் சட்டம் குத்தகை உழவர்க்குக் கடன் தகுதி அட்டை வழங்க வகை செய்தது. 2019இல் இயற்றப்பட்ட பயிர் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் பதினொரு மாத ஒப்பந்த அடிப்படையில் உரிமை அட்டை அளித்தது. ஆனால் அவ்வொப்பந்தத்துக்கு நிலத்தாரின் இசைவு வேண்டும். கையெழுத்திட்டால் நிலத்தின்மேல் உரிமை கோருவரோ என அஞ்சும் நிலத்தார் இசைய மறுத்தால் உழவர் கணக்கில் வருவதில்லை.

நகரக் குடியிருப்போர்

நகரங்களில் வாடகைக்கு வாழ்வோர்க்கும் இதே சிக்கல் உண்டு. 1960ஆம் ஆண்டின் ஆந்திரக் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வேண்டுமென்றே வாடகை செலுத்தாதவரையும் இயலாமையால் தவறியவரையும் வேறுபடுத்தியது. தவறியது வேண்டுமென்றன்று எனக் கண்டால் பதினைந்து நாள்களுக்கு மிகாமல் தவணை அளிக்க வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு அதிகாரம் இருந்தது. இயலாமையைச் சட்டம் அறிந்திருந்தது. ஆனால் அதற்கு அளித்தது நாள்களே அன்றிப் பொருள் அன்று.

2020 மார்ச்சில் கொரோனாப் பெருந்தொற்றால் திருமலைத் தரிசனம் நிறுத்தப்பட்டது. யாத்திரிகர் வருகையை நம்பிப் பிழைக்கும் திருப்பதி போன்ற நகரில் வாடகை எத்தகைய சுமையாகியிருக்கும் என்பதை விளக்க வேண்டுவதில்லை. அவ்வாண்டு மார்ச் 29ஆம் நாள் நடுவண் உள்துறை அமைச்சகம், தொழிலாளரிடம் ஒரு மாத வாடகையைக் கேட்கலாகாது என நாடெங்கும் ஆணையிட்டது. அவ்வாடகையை யார் ஈடு செய்வது என்பதை ஆணை கூறவில்லை. அதே நாளில், இயலாதவரின் வாடகையை அரசே செலுத்தும் எனத் தில்லி முதலமைச்சர் உறுதி கூறினார். அவ்வுறுதி அரசைக் கட்டுப்படுத்தும் எனத் தில்லி உயர்நீதிமன்றத் தனி நீதிபதி 2021 ஜூலையில் தீர்ப்பளித்தார்; பின்னர் இரு நீதிபதிகள் அமர்வு அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. அருளாகச் சொன்ன சொல்லை உரிமையாகக் கொள்ளலாமா என்னும் பழைய வினாவே அங்கும் எழுந்தது.

முடிவுரை

மேற்கண்டவற்றால், வேங்கடப் பகுதியில் இடர்க்கால நிவாரணம் அருளிலிருந்து விதியாகவும் விதியிலிருந்து சட்டமாகவும் வளர்ந்தமை தெளிவாகிறது. ஆயினும் ஒவ்வொரு காலத்திலும் அது ஒரு பெயர்ப் பதிவைத் தேடியே சென்றது. பட்டா, மின் இணைப்பு, ஒப்பந்தம் என அப்பதிவு மாறினும் உழுபவரையும் குடியிருப்பவரையும் விட உடையவரையே அது எளிதில் கண்டுகொண்டது. எனவே தள்ளுபடியின் அளவைக் கூட்டுவது மட்டும் போதாது. உடையவரின் கையெழுத்தின்றியே உழுபவரும் குடியிருப்பவரும் கணக்கில் இடம்பெற வழி காணுதல் வேண்டும். அரசனைப் பாட வல்ல நாகனார் பெற்ற வீடு, பாட இயலாதவர்க்கும் கிடைக்கும்போதே அது அறமாகும்.