மாமல்லபுரத்துப் பாறையும் காவிரி ஷேல் வாயுவும்

அர்ச்சுனன் தபசுக்கு எதிரே நின்றபோது கூட வந்த நண்பர் கேட்டார்: "இந்தப் பாறைக்கு அடியில கேஸ் இருக்குமாய்யா?" இருக்காது. இது பூமியின் ஆழத்தில் வெந்து இறுகிய பழம்பாறை. ஷேல் என்பது நீருக்கடியில் படிந்த சேறு கெட்டியான களிப்பாறை. அதற்குத் தெற்கே காவிரிப் படுகைக்குப் போகணும்.

2013-இல் அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம், இந்தியாவில் எடுக்கக்கூடிய ஷேல் வாயு 96 லட்சம் கோடி கன அடி என்று மதிப்பிட்டது. கணக்கில் வந்த நான்கு படுகைகளில் காவிரியும் ஒன்று. அந்த அக்டோபரிலேயே பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்கு மத்திய அரசு அனுமதி தந்தது. கப்பலில் வாயு வாங்கும் நாட்டுக்கு அந்த ஆசை வருவது நியாயம்தான்.

ஆனால் பாறையைப் பிளக்கக் கிணறு ஒன்றுக்கே கோடி லிட்டர் கணக்கில் தண்ணீர் வேணும். மாமல்லபுரத்துக்கு வடக்கே நெம்மேலியில், அதே 2013-இல்தான், நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறந்தார்கள். சென்னைக்குக் குடிக்கவே கடல் தேவைப்பட்ட காலம் அது!

டெல்டாக்காரர்கள் இந்தக் கணக்கை முன்பே போட்டுவிட்டார்கள். 2010-இல் மன்னார்குடி நிலக்கரிப் படுகை மீத்தேனுக்கு ஒப்பந்தம் போட்டதிலிருந்தே எதிர்ப்புதான். அந்தப் பிரச்சாரப் பயணத்தில் இருந்தபோதே, 2013 டிசம்பர் 30 அன்று நம்மாழ்வார் காலமானார். ஷேலைத் தடுத்தது நிலவியல் அறிக்கை அல்ல, அந்த மீத்தேன் அனுபவம் என்றே நினைக்கிறேன். 2020 வேளாண் மண்டலச் சட்டத்தின் தடைப் பட்டியலில் ஷேல் வாயு பெயர் சொல்லியே இருக்கிறது.

அதற்கு முந்தைய ஆண்டே எண்ணூரில் இறக்குமதித் திரவ வாயு முனையம் திறந்தாகிவிட்டது.