நெல்லி நின்ற நாடு: உயிர்களை இனங்காணக் கற்பித்த வரலாறு

மலாக்காவின் பெயர் ஒரு மரத்திலிருந்து வந்தது என்பது மலாய் வரலாற்று மரபு. பரமேசுவரன் வேட்டையாடி இளைப்பாறிய இடத்தில், சருகுமான் ஒன்று வேட்டை நாயை எதிர்த்து உதைத்தது. அவ்விடத்தில் நின்ற மரத்தின் பெயரையே அவன் தன் புதிய நகருக்குச் சூட்டினான் என்பர். இக்கதையை நம் பிள்ளைகள் வரலாற்றுப் பாடத்தில் படிக்கின்றனர். ஆனால், அந்த மலாக்கா மரம்தான் நம் வீட்டு ஊறுகாய்ச் சாடியிலுள்ள நெல்லி என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வோர் சிலரே. வரலாற்று வகுப்பில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர், அறிவியல் நூலில் மற்றொரு பெயர். இம்மூன்றும் ஒரே மரத்தைக் குறிப்பன என்று காணும் பயிற்சியே உயிர்களை இனங்காணும் கல்வியின் முதற்படி எனக் கருதுகிறோம். அப்படியை நாம் எவ்வாறு பெற்றோம், எங்கே நழுவ விட்டோம் என்பதை இவ்வுரையில் ஆராய்வோம்.

உயிர்களை வகைப்படுத்தும் எண்ணம் தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியத்தின் மரபியல், புலனறிவின் அடிப்படையில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை நிரல்படுத்துகிறது. புல்லும் மரமும் ஓரறிவின; சங்கும் சிப்பியும் ஈரறிவின; கறையானும் எறும்பும் மூவறிவின; நண்டும் தும்பியும் நாலறிவின; விலங்குகள் ஐயறிவின; மக்கள் ஆறறிவினர். இன்றைய அறிவியலோடு இதனை ஒப்பிட்டால் பொருந்துவனவும் உண்டு, பொருந்தாதனவும் உண்டு. சங்கும் சிப்பியும் இன்றும் மெல்லுடலிகள் என ஒரே தொகுதியில் உள்ளன. நண்டும் தும்பியும் கணுக்காலிகளாக ஒன்றுபடுகின்றன. ஆயினும், எறும்பும் கணுக்காலியே; அதனைத் தும்பியினின்று பிரித்தது இன்றைய முறைக்கு ஒவ்வாது. எல்லாம் முன்னரே நம் முன்னோர்க்குத் தெரியும் என்று பெருமை பேசுவதற்கு இந்நூலை எடுத்துக் காட்டுவோர் உளர். நாம் அதற்காக இதனைக் கூறவில்லை. உற்றுநோக்கி, ஓர் அளவுகோல் வகுத்து, அதன்படி பிரிக்கும் முயற்சி தமிழில் தொன்றுதொட்டு உண்டு என்பதே நாம் கொள்ளத்தக்க செய்தி.

ஐரோப்பாவில் இம்முயற்சியை ஒழுங்கமைத்தவர் லின்னேயசு. ஒவ்வோர் உயிருக்கும் பேரினப்பெயர், சிற்றினப்பெயர் என இரு சொற்பெயர் வழங்கும் முறையை 1753ஆம் ஆண்டு வெளிவந்த தம் தாவர நூலில் அவர் சீராகக் கையாண்டார். அவருடைய மாணவர் யோகான் கோனிக், 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து தமிழகத்துச் செடிகளைத் திரட்டினார். அவரே 1779இல் சயாமுக்கும் மலாக்காவுக்கும் பயணம் செய்து நாட்குறிப்பு எழுதினார். இவ்வாறு, தோட்டத் தொழிலுக்காகத் தமிழர் இங்குத் திரளாக வருவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே, தமிழகத்தில் செடி திரட்டிய ஒருவர் வழியே புதிய வகைப்பாட்டு முறை மலாக்காவை எட்டியது.

அப்புதிய முறையும் பிழைக்கு அப்பாற்பட்டதன்று. நாம் அரைநெல்லி என்றும் மலாய்க்காரர் செர்மாய் என்றும் வழங்கும் மரத்தை, லின்னேயசு 1753இல் பெலிம்பிங் மரங்களின் பேரினத்தில் சேர்த்தார். 1909ஆம் ஆண்டில்தான் அது நெல்லியின் பேரினத்தில் இன்றைய பெயரோடு அமர்ந்தது. பெருமரமாகிய நெல்லி, அரைநெல்லி, தரையில் முளைக்கும் கீழாநெல்லி ஆகிய மூன்றையும் தமிழ்ப் பெயர்கள் ஒரே இனமாக இணைத்து வைத்துள்ளன. அப்பேரினத்தைப் பலவாகப் பிரிக்க வேண்டும் என்று வாதிடும் அறிஞரும் இன்று உளர். வகைப்பாடு முடிந்துபோன பாடமன்று என்பதை மாணவர்க்கு உணர்த்த இதனினும் நல்ல சான்று வேண்டா.

இனித் தோட்டத்துக்கு வருவோம். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் மலாக்காவில்தான் தோன்றியது. சிங்கப்பூர்த் தாவரவியற் பூங்காவின் தலைவர் ரிட்லியின் ஊக்கத்தால், 1896ஆம் ஆண்டளவில் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். பின்னர் அத்தொழில் விரிந்தபோது, நிரை பிடித்துப் பால் வெட்டியவர்களுள் பெரும்பகுதியினர் நம் மக்கள். வெட்டுக்கத்தி பட்டைக்குள் எவ்வளவு ஆழம் செல்லலாம் என்பது அவர்களுடைய கைக்குத் தெரியும். பட்டைக்கும் கட்டைக்கும் இடையே, புதிய பட்டையை ஆக்கும் மெல்லிய வளர்படலம் ஒன்று உண்டு. அதனைக் காயப்படுத்தினால் பட்டை முடிச்சு முடிச்சாகப் புடைத்துப்போகும். மறுபடி அவ்விடத்தில் செம்மையாக வெட்ட இயலாது.

பின்னாளில் ரப்பர் நின்ற நிலங்கள் பலவற்றில் செம்பனை வந்தது. செம்பனையின் தண்டில் அத்தகைய படலம் இல்லை. அதன் வன்மை வெளிப்புறத்தில் உள்ளது. புறத்தே வன்மையுடையதைப் புல் என்றும், அகத்தே வன்மையுடையதை மரம் என்றும் பிரிக்கும் தொல்காப்பிய மரபின்படி, தெங்கையும் பனையையும் போலச் செம்பனையும் புல்லே. இன்றைய அறிவியலும் பனையினத்தைப் புல்லோடு ஒருவித்திலைத் தாவரங்களுள் வைக்கிறது. ரப்பரையும் செம்பனையையும் தொட்டுப் பழகிய தொழிலாளி இவ்வேறுபாட்டைக் கையால் அறிந்திருந்தார். அவருடைய பிள்ளையோ, ஒருவித்திலை, இருவித்திலை என்னும் சொற்களை மட்டும் மனனம் செய்து தேர்வு எழுதியது. ஒரே லயத்து வீட்டில் இருந்த இவ்விரு அறிவும் சந்திக்கவில்லை.

பயிற்றுமொழியின் மாற்றங்களும் இவ்விடைவெளியை அகலப்படுத்தின. 2003ஆம் ஆண்டு முதல் தமிழ்ப்பள்ளிகளிலும் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. அத்திட்டத்தைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டு, பின்னர் அறிவியல் தமிழுக்குத் திரும்பியது. இடைநிலைப் பள்ளியிலோ, வகைப்பாட்டை விரிவாகக் கற்கும் மாணவர் தமிழல்லாத மொழியில் கற்கின்றனர். இதற்கிடையே தோட்டங்கள் துண்டாடப்பட்டன. குடும்பங்கள் நகர்ப்புற அடுக்ககங்களுக்குப் பெயர்ந்தன. பெயரும் செடியும் சேர்ந்து வாழ்ந்த இடம் மறைகிறது. செடியின் பெயரை அறியாத பிள்ளைக்கு அச்செடி வெறும் பச்சை. அதனைப் பிரித்தறிய வேண்டிய தேவையே அதற்குத் தோன்றாது.

எனவே நாம் ஆசிரியர்க்கு எளிய பாடம் ஒன்றை முன்வைக்கிறோம். பள்ளி வேலியோரத்துக் கீழாநெல்லியையும் தொட்டாற்சுருங்கியையும் பறித்து மாணவர் கையில் தருக. இரண்டும் சிறு இலைகளை வரிசையாக உடையன போலவே தோன்றும். கீழாநெல்லியில் ஒவ்வோர் இலையின் கக்கத்திலும் பூவோ காயோ இருக்கக் காணலாம். ஆகவே அது இலைகள் தாங்கிய சிறு கிளை. தொட்டாற்சுருங்கியின் சிற்றிலைக் கக்கத்தில் ஒன்றும் இராது; ஆகவே அது பல கூறுகளாகப் பிரிந்த ஒரே இலை. இவ்வொரு வினாவே இரண்டையும் பிரித்துவிடும். பின்னர், நட்சத்திர மீன் மீனா, வௌவால் பறவையா என்று வினவுக. வழங்கும் பெயரும் தோற்றமும் சில வேளை தவறான வழியும் காட்டும் என்பதை மாணவர் தாமே கண்டுகொள்வர்.

தமிழ்ப் பெயர் முதல் வாயில். அதனைச் சோதித்துப் பார்க்கும் கண் அடுத்த வாயில். மலாய்ப் பெயரும் அறிவியற் பெயரும் அதன்பின் எளிதில் வந்து சேரும். தோட்டத்து முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்களை வகுப்பறைக்கு அழைத்து, செடிகளைக் காட்டி, அவர்கள் கூறும் பெயர்களை மாணவர் எழுதிக்கொள்ளும் ஏற்பாட்டை ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும் இவ்வாண்டே தொடங்கலாம். மலாக்காவில் அதற்குரிய முதற்செடி நெல்லியாக இருப்பதே பொருத்தம்.