மண்டையோட்டு எக்ஸ்ரேயில் தலைநிலை மதிப்பீடு

எக்ஸ்ரே எடுத்தபோது நோயாளியின் தலை நேராக இருந்ததா, திரும்பியோ சாய்ந்தோ இருந்ததா என்பதைப் படத்தைக் கொண்டே கண்டறிவது தலைநிலை மதிப்பீடு. நோயைத் தேடுவதற்கு முன்பே இதைச் செய்தாக வேண்டும்.

பக்கவாட்டுப் படத்தில் பிழை எளிதில் பிடிபடும். தலை சரியாக இருந்தால் இரு கண்குழிக் கூரைகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒரே கோடாகத் தெரியும். கீழ்த்தாடையின் இரு கிளைகள் முன்னும் பின்னுமாக விலகினால் முகம் திரும்பியிருக்கிறது. கண்குழிக் கூரைகள் மேலும் கீழுமாக விலகினால் தலை சாய்ந்திருக்கிறது. முன்னதை ரொட்டேஷன், பின்னதை டில்ட் என்பார்கள் டெக்னீஷியன்கள். எது என்று பிரித்தறியாமல் மறுபடம் எடுத்தால் நோயாளிக்குக் கூடுதல் கதிர்வீச்சுதான் மிச்சம். சாய்ந்த படத்தில் பிட்யூட்டரிக் குழியின் தரை இரட்டைக் கோடாகத் தெரியும். கட்டியோ என்ற வீண் சந்தேகம் அங்கே பிறக்கும்.

முகநேர்ப் படத்தில் கண்குழியின் வெளிவிளிம்புக்கும் மண்டையின் ஓரத்துக்கும் உள்ள இடைவெளியை இருபுறமும் ஒப்பிடுவார்கள். எந்தப் பக்கம் குறுகியிருக்கிறதோ அந்தப் பக்கம் முகம் திரும்பியிருக்கிறது. சிலருக்குத் தலையே ஒருபுறம் தட்டையாக இருப்பதுண்டு. டெக்னீஷியனைக் குறை சொல்லுமுன் நோயாளியை ஒருமுறை பார்த்துவிடுவது நியாயம்.

கோணத்தைச் சொல்வது காதெலும்பின் பெட்ரஸ் முகடு. கால்டுவெல் எனப்படும் படமெடுப்பு நிலையில் அது கண்குழியின் கீழ் மூன்றிலொரு பாகத்தில் விழ வேண்டும். வாட்டர்ஸ் நிலையில் கன்னத்துச் சைனஸ்களுக்குக் கீழே இறங்கிவிட வேண்டும். செவிநரம்புக் கட்டியால் எலும்பு அரிக்கப்படுவதைப் பற்றி டவுன் என்ற மருத்துவர் 1926-இல் எழுதினார். அவர் பெயர் தாங்கிய நிலையில் பிட்யூட்டரிக் குழியின் பின்சுவர் மண்டையடிப் பெருந்துளைக்குள் தெரிய வேண்டும். மேலே நின்றால் கோணம் போதவில்லை. முதல் கழுத்தெலும்பின் பின்வளைவு துளைக்குள் வந்துவிட்டால் கூடிப்போயிற்று.

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியல் நிறுவனம் 1934-இல் திறக்கப்பட்ட காலத்தில் சி.டி. ஸ்கேன் கிடையாது, அது நோயாளிக்கு முதன்முதலில் பயன்பட்டது 1971-இல், லண்டனில். அதுவரை மூளையில் இரத்தக்கட்டு இருக்குமோ என்று ஊகிக்க, சுண்ணம் படிந்த பினியல் சுரப்பி நடுக்கோட்டிலிருந்து விலகியிருக்கிறதா என்று எக்ஸ்ரேயில் அளந்தார்கள். சுமார் 3 மி.மீ. விலகலே அச்சம் தரும். முகம் சற்றுத் திரும்பினாலும் அந்த அளவு பொய் விலகல் வந்துவிடும். அன்று தலைநிலை அறுவை சிகிச்சையையே தீர்மானிக்கும் விஷயம்.

விபத்தில் அடிபட்டவரின் தலையைத் திருப்பக் கூடாது, கழுத்தெலும்பு முறிந்திருக்கலாம். அவரை மல்லாந்தபடியே விட்டு, டியூபையும் ஃபிலிமையும் நகர்த்திக் கதிரைக் கிடைமட்டமாகச் செலுத்துவார்கள். ஸ்பீனாய்டு சைனஸில் தேங்கிய திரவத்தின் மட்டம் அப்போதுதான் தெரியும். மண்டையடி முறிவுக்கு அது ஒரு தடயம்.