விடுதித் தொழில் பள்ளிக்கு வந்த வரலாறு

ஆர்மீனியரான சார்க்கீஸ் சகோதரர்கள் 1887ஆம் ஆண்டு டிசம்பர் திங்களில், சிங்கப்பூரில் பத்து அறைகள் கொண்ட ஒரு பங்களாவில் ராஃபிள்ஸ் விடுதியைத் தொடங்கினர். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் விடுதித் தொழிலுக்கென்றே ஒரு பள்ளி எழுந்தது அதற்கு ஆறாண்டுகள் கழித்து, 1893இல்தான். அவ்வாறாயின், சிங்கப்பூர் விடுதிகளில் பணியாற்றியோர் எங்கே பயின்றனர்?

அவர்களுள் பலர் ஹைனான் தீவிலிருந்து வந்த சீனர். ஹொக்கியன், தியோச்சூ மக்களுக்குப் பின்னர் வந்து சேர்ந்த அவர்கள், வாணிகம் முந்தி வந்தோர் கையில் இருக்கக் கண்டனர். எனவே ஐரோப்பியர் இல்லங்களிலும் கப்பல்களிலும் விடுதிகளிலும் சமையற்காரராகவும் பணியாளராகவும் அமர்ந்தனர். மாமன் மருமகனை அழைத்து வந்தான். ஓர் ஊரார் தம் ஊராரையே சேர்த்துக்கொண்டனர். தட்டுக் கழுவத் தொடங்கிய சிறுவன் பின்னர் மேசை விரிப்பான். கைத்திறன் வாய்த்தால் மதுக்கூடம்வரை உயர்வான். 1915ஆம் ஆண்டு வாக்கில் ‘சிங்கப்பூர் ஸ்லிங்’ என்னும் மதுக்கலவையை ராஃபிள்ஸ் விடுதியில் ஆக்கியவராகக் கூறப்படும் ஙியாம் தோங் பூன் ஒரு ஹைனானியரே.

இம்முறையை எளிதாக எண்ணிவிடலாகாது. கண்டு பழகிய கை, நூலறிவுக்கு எட்டாத நுட்பங்களை அறியும். ஆயினும், உள்ளே உறவினர் இல்லாதவனுக்கு அக்கதவு திறப்பது அரிது. துறைமுகத்திலும் நகராட்சிப் பணிகளிலும் உழைத்த தமிழர் பலருக்கு விடுதிகளில் அத்தகைய மாமன் இல்லை.

நிலைமையை மாற்றியது சுற்றுலா. 1964இல் சிங்கப்பூர்ச் சுற்றுப்பயண வளர்ச்சிக் கழகம் நிறுவப்பெற்றது. 1971இல் மட்டும் ஷாங்ரிலா, மாண்டரின் ஆகிய பெருவிடுதிகள் திறக்கப்பட்டன. அதே ஆண்டின் இறுதியில் பிரிட்டிஷ் படைகள் வெளியேறியதால், புதிய வேலைவாய்ப்புகளைத் தேட வேண்டிய நெருக்கடியும் நாட்டுக்கு இருந்தது. நூற்றுக்கணக்கான அறைகளைக் கொண்ட மாளிகைகளுக்கு மாமன்மார் அழைத்து வரும் மருமகன்கள் போதுவரோ? 1983இல் சிங்கப்பூர் விடுதிச் சங்கம் ‘ஷாட்டெக்’ என்னும் பயிற்சி நிலையத்தைத் தொடங்கியது. வரவேற்பு மேசை, அறைப் பராமரிப்பு, சமையல், உணவு பரிமாறுதல் ஆகிய யாவும் பாடங்களாயின. அவற்றைக் கற்க உறவுமுறை தேவைப்படவில்லை. விண்ணப்பத் தாள் போதுமானதாயிற்று.

திறந்த கதவினுள் நுழையத் தமிழ்க் குடும்பங்கள் பல தயங்கியதற்குக் காரணம் வேறு. பிறர் உண்ட தட்டை எடுப்பது ஏவல்வேலை என்னும் எண்ணம் அது. விருந்தோம்பலுக்கெனத் தனி அதிகாரமே வகுத்த குறளைப் பள்ளியில் ஓதிவிட்டு, அதனையே தொழிலாகக் கொள்ள நாணுவது விந்தையே. ‘விருந்து’ என்னும் சொல்லுக்குப் ‘புதுமை’ என்பதே பழம்பொருள். முன்பின் அறியாத புதியவரைப் பேணுவதையே தமிழர் விருந்தோம்பல் என்றனர். விடுதிக்கு வருபவரும் அத்தகைய புதியவரே. பணம் கொடுத்துத் தங்குகின்றார் என்பது ஒன்றே வேறுபாடு.

பள்ளி வந்ததனால் தட்டுக் கழுவும் வேலை ஒழிந்துவிடவில்லை. மேலாளராக விரும்பிப் பயில வந்த மாணவரும் விடுதிகளுக்குச் செய்முறைப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டனர். ஹைனான் சிறுவன் தொடங்கிய அதே சமையற்கட்டில் அவர்களும் நின்றனர். படுக்கை விரிக்கவும் கற்றனர்.