கடற்கட்டியும் மனக்கட்டும்

அச்சம் எங்கே பிறக்கின்றது? அது நீங்குங்கால் உண்மையில் நீங்கியது யாது? புறத்தேயுள்ள தீங்கோ, அத்தீங்கினைப் பற்றிய உள்ளத்தின் கலக்கமோ? மனத்தின் இயல்பை ஆராய்வார் யாவரும் எழுப்பும் இவ்வினாக்கட்கு விடை காண்டற்கு நூலறிவோடு மக்கள் வாழ்ந்த வரலாறும் துணை புரியும். பாண்டிநாட்டு முத்துக்கடற்கரையிலே பல நூற்றாண்டு நிலவி மறைந்த வழக்கமொன்று இதற்கு நல்ல சான்றாக நிற்கின்றது. முத்துக்குளிப்பின்போது சுறாமீன்களின் வாயைக் கட்டிவிடுவார் எனக் கருதப்பட்ட கடற்கட்டி என்பாரைப் பற்றியது அவ்வழக்கம்.

மன்னார் வளைகுடாவின் முத்துப்படுகைகள் மிகத் தொன்மையானவை. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்புளூஸ் என்னும் கடற்செலவு நூல், கொற்கையிலே தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்தெடுத்தனர் என்று கூறுகின்றது. இவ்வொரு செய்தியே அத்தொழிலின் கொடுமையை உணர்த்தப் போதுமானது. பிற்காலத்திலே கொற்கை தூர்ந்தது. காயல் துறைமுகம் சிறந்தது. அதன்பின் தூத்துக்குடி தலைமையுற்றது. துறை மாறினும் தொழில்முறை மாறவில்லை. குளிப்பவர் கயிற்றிற் கட்டிய கனத்த கல்லிலே கால் வைத்து, ஐந்து முதல் பத்துப் பாகம் வரை ஆழமுள்ள நீரில் இறங்குவர். மூச்சடக்கி நிற்கும் ஏறக்குறைய ஒரு நிமிடப் பொழுதிலே சிப்பிகளை வாரிப் பையிலிடுவர். பின் கயிற்றை அசைத்து மேலுள்ளாருக்கு அறிவிப்பர். அவ்வொரு நிமிடமும் அவருடைய உயிர் கயிறு பிடித்தவர் கையில் இருந்தது. நீரினுள்ளே சுறா வருமோ வாராதோ என்பது எவர் கையிலும் இல்லை.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியிலே இக்கரைக்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, முத்துக்குளிப்போர் தமக்குக் கிடைத்ததிற் பத்திலொரு பங்கினை அரசனுக்கும், இருபதிலொரு பங்கினைப் பெருமீன்களை மந்திரத்தாற் கட்டுவோருக்கும் கொடுத்தனர் என்று எழுதியுள்ளார். அம்மந்திரம் பகலில் மட்டுமே நிற்கும் என்றும், இரவிலே அதனை அவிழ்த்துவிடுவர் என்றும் அவர் குறிக்கின்றார். மீன்கள் இரவில் கட்டற்றுத் திரியும் என்னும் அச்சம் முத்துக்கள்வரை விலக்கும் காவலாக ஆயிற்று. ஒருவனுடைய அச்சத்தைப் போக்கிய அதே நம்பிக்கை மற்றொருவனுக்கு அச்சத்தை ஊட்டிற்று என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

1535-ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள் இக்கரைப் பரதவருட் பெரும்பாலோர் கத்தோலிக்க சமயம் புகுந்தனர். முகம்மதியரும் முத்துக்குளித்தலில் ஈடுபட்டிருந்தனர். எனினும் கடற்கட்டியை அவர்கள் விட்டாரில்லை. இலங்கை அரசாங்கத்திலே உயர்பதவி வகித்த எமர்சன் டென்னென்ட் 1859-இல் வெளியிட்ட நூலில், அத்தொழில் தந்தை வழியாக மைந்தர்க்கு வருவதென்றும், அக்குடும்பத்தின் அந்நாளைத் தலைவர் கத்தோலிக்கரே என்றும் கூறுகின்றார். அவர் முத்துக்குளிப்பைக் காணச் சென்றபோது கடற்கட்டி நோயுற்றிருந்தமையின் தமக்குப் பதிலாக ஒருவரை அனுப்பியிருந்தார். வந்தவரோ, தமக்கு மந்திரம் தெரியாதென்றும், தலைவரின் சார்பிலே தாம் நிற்பதொன்றே சுறாக்களுக்குப் போதுமென்றும் உரைத்தாராம். மந்திரமின்றியே மந்திரத்தின் பயன் விளைந்தது எனின், அப்பயன் விளைந்த இடம் கடலாதல் இயலாது. குளிப்பாருடைய உள்ளமே அவ்விடம் என்பது பெறப்படும்.

1797-ஆம் ஆண்டு முத்துக்குளிப்பை விவரித்த லெ பெக் என்பார் கூறும் நிகழ்ச்சி இதனினும் ஆழ்ந்த உண்மையைப் புலப்படுத்தும். குளித்தவர் ஒருவர் சுறாவினாற் காலை இழந்தார். மந்திரக்காரர் தலைவரை வினவியபோது, மலையாளக் கரையினின்று வந்த சூனியக்காரி ஒருத்தி தம்மீதுள்ள பகையால் எதிர்மந்திரம் செய்துவிட்டாள் என்றும், அதனைத் தாம் காலந்தாழ்த்தே அறிந்ததாகவும் விடையிறுத்தாராம். நம்பிக்கை பொய்த்த இடத்திலும் அந்நம்பிக்கை அழிந்திலது. தன்னைக் காத்துக்கொள்ளப் புதியதொரு காரணத்தைப் படைத்துக்கொண்டது.

இஃது எங்ஙனம் நிகழ்கின்றது? சித்தாந்த நூல்கள் அந்தக்கரணங்களை நான்காக வகுக்கும். நினைப்பது சித்தம், பற்றி ஐயுறுவது மனம், யான் என முனைந்தெழுவது அகங்காரம், இன்னதெனத் துணிவது புத்தி. ஆழ்கடலில் இறங்குவோனுக்குச் சுறா உண்டோ இல்லையோ என்னும் ஐயம் தீர்தற்கு வழியில்லை. ஐயத்தோடே இறங்குதல் அரிதாகலின், புத்தி துணிவதற்கு ஏதேனும் ஒரு பற்றுக்கோடு வேண்டப்படுகின்றது. கடற்கட்டி அதனை அளித்தார். சுறாவினால் நேரும் இடர் அரிதே என டென்னென்டும் குறித்துள்ளார். இடரில்லாத நாள்கள் பல. அவை யாவும் மந்திரத்தின் வெற்றியாக எண்ணப்பட்டன. இடர் நேர்ந்த நாள்கள் சில; அவை பிறருடைய சூதாக விலக்கப்பட்டன. துணிந்ததற்கு இயைவனவற்றையே நினைவிற்கொண்டு இயையாதனவற்றைத் தள்ளும் இயல்பு மன்னார்க் கடலோரத்தார்க்கு மட்டும் உரியதன்று. கற்றோர் உள்ளத்தும் அது நாடோறும் நிகழ்வதே.

மேலைநாட்டு மானிடவியலார் மலினோவ்சுக்கி என்பார் 1925-இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலே இதற்கு ஒப்பானதோர் உண்மையைக் காட்டினார். பசிபிக் கடலின் திரோபிரியாந்துத் தீவினர், கரையடுத்த உப்பங்கழியில் அச்சமின்றி மீன்பிடிக்குங்கால் மந்திரத்தை நாடுவதில்லை. இடரும் நிலையின்மையும் மிக்க திறந்த கடலுக்குச் செல்லுங்காலே மந்திரச் சடங்குகளை விரிவாகச் செய்கின்றனர். தம் திறமை எட்டும் எல்லை வரை அவர்கள் திறமையையே நம்பினர். அவ்வெல்லை முடியும் இடத்திலே மந்திரம் தொடங்கிற்று. ஆகவே அதனை அறியாமை என்று மட்டும் கூறி ஒதுக்குதல் பொருந்தாது.

அங்ஙனமாயின் கடற்கட்டியாற் பயன் ஏதும் இல்லையோ எனின், உண்டு. அச்சமுற்றவனுக்கு நெஞ்சத் துடிப்பு மிகும். உடலினுள் அடக்கிய உயிர்க்காற்று விரைவிலே செலவாகும். அமைதியுற்றவனுக்கு அது நீடித்து நிற்கும். இஃது இக்கால உடல்நூலார் கண்ட உண்மை. மூச்சும் மனமும் ஒன்றையொன்று பற்றி நிற்றலைத் திருமந்திரத்து மூன்றாந் தந்திரமும் நன்கு அறியும். ஆதலின் கடற்கட்டி சுறாவைக் கட்டிலர். குளிப்போருடைய மனத்தைக் கட்டினார். அக்கட்டு அவர்தம் மூச்சிற்குத் துணையாயிற்று. ஆயினும் அதற்கு ஈடாக அவர்கள் கொடுத்தது சிறிதன்று. உழைப்பின் ஒரு பங்கும், அதனினும் பெரிதாகிய தம் உள்ளத்தின் உரிமையும் பிறர் கைப்பட்டன. கடற்கட்டியோ அவர்தம் ஆளோ கரையில் இல்லாதவழிக் குளித்தலே நின்றுவிடும் நிலைமை ஏற்பட்டது.

இவ்விடத்துச் சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரம் சிந்தித்தற்குரியது. அந்தக்கரணங்களுள் ஒன்றும் ஆன்மா அன்று. அமைச்சரோடு கூடிய அரசன்போல ஆன்மா அவற்றோடு கூடித் தொழிற்படும் என்பது அதன் கருத்து. அமைச்சர் அஞ்சினார் என்பதற்காக அரசன் தன் நாட்டைப் பிறனுக்கு ஒப்புவித்தல் தகாது. மந்திரம் என்னும் சொற்கு நினைப்பவனைக் காப்பது என்று ஆன்றோர் பொருள் கூறுவர். நினைத்தல் தானே செய்யும் தொழில். அது பிறனுக்குக் கூலி கொடுத்துச் செய்விக்கத் தக்கதன்று. கல்லிற் பிணித்துக் கடலிலே வீழ்த்தப்பட்ட திருநாவுக்கரசர் திருவைந்தெழுத்தை ஓதித் திருப்பாதிரிப்புலியூர்க் கரையை அடைந்த வரலாற்றைச் சைவர் யாவரும் அறிவர். அவர் கடலைக் கட்டவோ மீன்களைக் கட்டவோ முயன்றாரல்லர். தம் சிந்தையை இறைவன் திருவடியிற் கட்டினார்; அதனால் அச்சம் புகுதற்கு இடமில்லாதாயிற்று.

1955 முதல் 1961 வரை தூத்துக்குடிக் கடலில் நடந்த முத்துக்குளிப்புக்குப் பின்னர் அத்தொழில் பழைய முறையில் நடைபெறவில்லை. கடற்கட்டியும் வரலாற்றிலே மறைந்தார். எனினும் தன் அச்சத்தைத் தான் நோக்க மாட்டாத உள்ளம் அதனைப் போக்குதற்குப் பிறரைத் தேடும் இயல்பு மறையவில்லை. கடற்கட்டியைத் தேடிய அம்மக்களை எள்ளுதல் எளிது. தம் உள்ளத்தின் கரையிலே கூலிக்கு நிற்கும் கடற்கட்டிகள் எத்துணையர் என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்தலே இவ்வரலாற்றினாற் பெறும் பயனாம்.